ஆராய்ச்சியும் நம் தெரு முதியோரும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியை விடுத்து, முதியோர் நலத்தைப் பற்றி ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பேச வந்திருக்கிறாரே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். என் தலைப்பைக் கேட்டவுடன் நண்பர் ஒருவர் வெளிப்படையாகவே வினவினார்: "ஐயா, சங்கத்திடம் இருப்பதோ சிறு நிதி. அதைப் பிள்ளைகளின் புத்தகத்துக்குச் செலவிடுவதா, காலம் போன கிழங்களுக்குச் செலவிடுவதா?" கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை நான் மருத்துவ நூல்களில் தேடவில்லை. பள்ளியின் வருகைப் பதிவேட்டிலேயே அது இருக்கிறது.

ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி திடீரென்று வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். பிறகு நான்கு நாள். பிறகு பெயர் மட்டுமே பதிவேட்டில் நிற்கும். வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால், "பாட்டிக்குக் கண்ணு தெரியலை சார், கூட இருக்க ஆள் இல்லை" என்பது விடையாக வரும். தாய் நடவுக்கோ களை பறிக்கவோ போயிருப்பாள். தந்தை சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. பாட்டியைப் பின்புறம் அழைத்துச் செல்லவும், அடுப்பண்டை போகாமல் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் எஞ்சியிருப்பவள் அந்தச் சிறுமிதான். அந்தப் பாட்டியின் கண்ணில் இருப்பது பெரும்பாலும் கண்புரை. கால் மணி, அரை மணி நேர அறுவையில் நீங்கக்கூடிய புரை. கண்பார்வையை மீட்டால் ஒரு முதியவள் மட்டுமல்லள், ஒரு மாணவியும் மீள்கிறாள். பார்வையுள்ள பாட்டி வீட்டில் இருந்தால்தான் தாய் அச்சமின்றி வேலைக்குப் போக முடியும், பேரப் பிள்ளை பள்ளிக்கு வர முடியும். எனவே நண்பர் பிரித்து வைத்த இரண்டு செலவும் உண்மையில் ஒரே செலவுதான்.

இனி நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். அதாவது நூற்றுக்கு 8.6 பேர். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் அதுவே 10.4. அதன் பின் இந்த விகிதம் ஏறியே வந்திருக்கிறது. ஆனால் இந்த முதுமை எல்லாருக்கும் சமமாகக் கிட்டுகிறதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வியாஸ், ஹாத்தி, குப்தா என்னும் ஆய்வாளர் மூவர் 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, உயர்சாதி இந்துக்களைக் காட்டிலும் தலித் மக்களின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று காட்டினர். ஏழைமையால்தான் இந்தக் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடவும் அவர்கள் இடம் வைக்கவில்லை. பொருளாதார நிலையைக் கணக்கிலெடுத்த பிறகும், அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது என்றனர். அந்த ஒன்பது மாநிலங்களில் நம் புதுச்சேரி இல்லை. நம் நிலை அவற்றினும் மேம்பட்டது என்பதும் உண்மை. ஆயினும் அறுபதைத் தாண்டி நம் தெருவில் நடமாடும் ஒவ்வொருவரும் அந்த மூன்றாண்டை வென்று வந்தவர் என்றே நான் கருதுகிறேன். அவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

ஆராய்ச்சிக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1823-ஆம் ஆண்டில், புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். அதன் ஊரக நல்வாழ்வு மையம் நம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் இருக்கிறது. (சேதுபதிகளின் இராமநாதபுரம் அன்று, நம் இராமநாதபுரம்.) கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் நிலையம் 1975 முதல் புதுச்சேரியில் இயங்கி வருகிறது. அரியூரிலும், கூடப்பாக்கத்தை அடுத்தும், பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. வெள்ளை அங்கி அணிந்த மாணவர்கள் கையில் தாளுடன் நம் தெருக்களுக்கு வருவதை நீங்கள் காணாமல் இருக்க முடியாது. நம் வீட்டுக் கிழவியர் எத்தனையோ வினாத்தாள்களுக்கு விடை சொல்லி அலுத்தவர்கள். "போன மாசமும் இதையேதான் ஒரு புள்ள கேட்டுட்டுப் போச்சு" என்று ஒரு மூதாட்டி சலித்துக்கொண்டதை நானே கேட்டேன்.

அவ்வளவு கேட்டுச் சென்றவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்து, தாங்கள் கண்டறிந்தது என்ன என்று நம் தெருவில் நின்று தமிழில் சொன்னார்கள்? மிகச் சிலரே. ஆராய்ச்சி ஆங்கிலத்தில் அச்சேறி ஆய்வாளர்க்குப் பட்டமாகிறது. பாட்டியின் இரத்தக் கொதிப்போ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில், ஆய்வுக்கு உட்படுவோரிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுதல் வேண்டும், ஆய்வின் பயன் அந்த மக்களுக்கும் சேர வேண்டும் என்று தெளிவாகவே கூறப்பட்டுள்ளது. ஆகையால், அடுத்த முறை தாளுடன் வருவோரை இன்முகத்துடன் வரவேற்று, "முடிவு வந்தபின் ஒரு மாலை எங்கள் படிப்பகத்தில் வந்து சொல்வீர்களா?" என்று கேளுங்கள். அது நன்கொடை கேட்பதாகாது. நமக்குரியதைக் கேட்பதே ஆகும்.

ஆராய்ச்சி மக்களிடம் திரும்பி வந்தால் என்ன நிகழும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் மூலம் மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி என்பவர் முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை பயின்று, அரசுப் பணியிலிருந்து 58-ஆவது வயதில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். (ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று என்னையொத்த ஆசிரியர்கள் கேட்டுக்கொள்ளும்போது, அந்தப் பெயர் நினைவுக்கு வருவது நன்று.) அவர்கள் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினர். முகாமில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அத்துடன் மனநிறைவு கொண்டு நின்றிருக்கலாம். ஆனால், வந்தவர்களை எண்ணியதோடு வராதவர்களையும் எண்ணிப் பார்க்க முற்பட்டனர். லண்டனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் பிளெட்சர் என்னும் ஆய்வாளருடன் அவர்கள் செய்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், கண் கோளாறு உடையவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்தனர் என்பது தெரிய வந்தது. இலவசமாகவே நடந்த முகாம். ஆயினும் 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

ஏன் வரவில்லை? அறுவை என்றால் அச்சம், வழிச்செலவு, வீட்டுப் பொறுப்பு. இவற்றுடன், "வயசானா இப்படித்தான், இருக்கிற மட்டும் இருந்துட்டுப் போறேன்" என்னும் மனநிலையும் இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். தான் செலவிடத் தகுந்தவளா என்று ஒரு பாட்டி தன்னையே கேட்டு, இல்லை என்று முடிவு செய்துகொள்கிறாள். நம் நண்பர் கேட்ட அதே கேள்வி!

இதற்கு முன்பே, கிரிஜா பிரில்லியண்ட் என்பவரும் உடன் ஆய்வாளரும் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு சோதனை செய்து 1991-இல் வெளியிட்டிருந்தனர். மக்களைக் கண் அறுவைக்கு இணங்கச் செய்ய எட்டு வழிகளை எடுத்துக்கொண்டு, எந்த ஊருக்கு எந்த வழி என்பதைத் திருவுளச் சீட்டுப் போடுவது போல் ஒதுக்கினர். இன்னாருக்கு இது என்று ஆய்வாளரே பொறுக்கினால் மனச்சாய்வு புகுந்துவிடும் அல்லவா? அதைத் தவிர்க்கவே சீட்டு. ஒலிபெருக்கி அறிவிப்பைவிட, அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகச் சென்று பேசியது சிறந்த பயன் தந்தது; அறுவை மட்டும் இலவசம் என்றதைவிட, வண்டிச் செலவு, சாப்பாடு உட்பட முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டபோது கூடுதலானோர் இணங்கினர். இதைப் படித்தபோது, இது நம் பாட்டிமார்களுக்கு என்றே செய்த ஆராய்ச்சியோ என்று எனக்குத் தோன்றியது. கண் தெளிந்த ஒரு பாட்டி பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஒண்ணும் வலிக்கலடி, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லும் சொல்லுக்கு ஈடாக எந்தத் துண்டறிக்கையும் இல்லை.

இந்த ஆராய்ச்சிகள் அலமாரியில் உறங்கவில்லை. நோயாளரின் ஊர்திச் செலவும் உணவும் தங்கலும் மருத்துவமனைப் பொறுப்பாயின. முகாமுக்கு வராதவர்களைத் தேடி, 2004 முதல் கிராமப் பகுதிகளில் நிலையான சிறு கண் மையங்கள் தொடங்கப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிக்க, நகரில் இருக்கும் மருத்துவர் கணினி வழியே ஆலோசனை கூறுகிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் புரை எடுத்தால் சோடாப் புட்டியின் அடி போன்ற தடித்த கண்ணாடி அணிய வேண்டும்; அது உடைந்தால் மறுபடி குருடு. கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்துவது ஏழை நோயாளர் மிகுந்த பெரிய அறுவைக் கூடத்திலும் பாதுகாப்பானதுதானா என்ற ஐயம் இருந்தது. மதுரையில் 3,400 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1998-இல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. 1992-இல் தொடங்கிய ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் வில்லையை மதுரையிலேயே செய்து, அதன் விலையைப் பல மடங்கு குறைத்தது. இன்று நம் காலனிப் பாட்டி ஒருத்தி தடித்த கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்குகிறாள் என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவு செய்திகள் உள்ளன.

அப்படியானால் நமக்கு என்ன குறை என்று கேட்கலாம். மருத்துவமனை இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது, இலவசமும் இருக்கிறது. இல்லாதது, கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு கண்புரையே காரணம் என்று கண்டனர். தீர்வு கையில் இருக்கும்போதே இந்த நிலை. முகாம் பெரும்பாலும் ஊரில், கோயிலை ஒட்டிய மண்டபத்திலோ சாவடியிலோ நடக்கிறது. "அங்கே நாம எங்கே போய் உட்கார்றது" என்று தயங்கிப் பழகிய கால்கள் எழுபது வயதில் திடீரென்று துணிந்துவிடா. அண்மையில் ஒரு முகாமில், நம் தெருவினர் கடைசி வரிசையில் நிற்க நேர்ந்து, நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டனர். முகாம் நடத்தியோர் அதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் கூற வரவில்லை. ஆனால், படித்த இளைஞர் இருவர் உடன் நின்றிருந்தால் அந்த வரிசை அப்படி அமைந்திராது என்பது உறுதி. முகாமை நம் படிப்பகத்திலேயே நடத்தித் தருமாறு எழுத்து மூலம் கேட்பதும் நம்மால் ஆகக்கூடியதே. கேட்ட இடங்களில் மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கண்ணைப் பற்றி நீளப் பேசிவிட்டேன். அடுத்து இரத்தக் கொதிப்பு. இது ஓசையின்றி வந்து ஒரு நாள் கையையும் காலையும் வாயையும் இழுத்துவிடும் நோய். இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிற்றூர்களில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் அல்லாத ஊர்ப் பணியாளர்களே வீடு தேடிச் சென்று அழுத்தம் அளந்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரையை விடாமல் உண்ணச் சொல்லி, தேவைப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பினர். அப்படிச் செய்த ஊர்களில், செய்யாத ஊர்களைவிட மேல் அழுத்தம் சராசரியாக 5 அளவு கூடுதலாகக் குறைந்தது. ஐந்துதானா என்று இகழாதீர்கள். ஊர் முழுவதற்கும் ஐந்து குறைந்தால் பல வீடுகளில் பக்கவாதம் வராமல் போகும். நம் தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டமும், மாத்திரையை வீட்டுக்கே கொண்டு செல்வது என்ற இதே வழியில் நடப்பதே.

சீன நாட்டுச் சிற்றூர்கள் 600-இல் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. சமையல் உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்ததில், பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. (சிறுநீரகக் கோளாறு உடையவர் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடவே கூடாது.) நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் இல்லை. நம் புதுச்சேரிக் குருசுக்குப்பத்திலேயே ஜிப்மர் ஆய்வாளர்கள் இளைஞர்களை வைத்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். விரைந்த நடை முதலிய உடற்பயிற்சி, உப்புக் குறைப்பு, யோகப் பயிற்சி ஆகிய மூன்றுமே அழுத்தத்தைக் குறைத்தன. அவற்றுள் உடற்பயிற்சியே முதலிடம் பெற்றது. ஆய்வுக்கு உட்பட்டோர் இளைஞர் என்பதைக் கவனியுங்கள். எழுபதில் இழுக்கும் வாதத்திற்கு இருபத்தைந்திலேயே விதை விழுகிறது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் பழையது இறங்காது என்பது எனக்கும் தெரியும். துண்டைச் சிறியதாக்கிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு துன்பம் யானைக்கால். கொசு ஒழிப்பாலும், 2004 முதல் நாடெங்கும் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட மாத்திரைகளாலும் புதிதாய்த் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால், முன்பே கால் வீங்கியவர்களுக்கு அந்த மாத்திரையால் வீக்கம் வடிவதில்லை. அவர்கள் முதியோராகி நம்மிடையே வாழ்கிறார்கள். மாதத்தில் சில நாள் குளிர்க் காய்ச்சலும் கால் எரிச்சலும் வந்து படுத்துவிடுவார்கள். அதைப் புழுவின் சீற்றம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தனர். பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரில் ஜெரூசா டிரேயர் என்னும் பெண் மருத்துவர், விரலிடுக்குப் புண் வழியே நுழையும் வேறு கிருமிகளே அந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் என்று காட்டினார். ஆகவே மருந்து என்ன? நாள்தோறும் சோப்பும் தண்ணீரும் கொண்டு விரலிடுக்கெல்லாம் மென்மையாகக் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, வெளியே போகும்போது செருப்பு அணிவது. இவ்வளவே. காய்ச்சல் வரும் தடவை குறைகிறது. வேலைக்குப் போகும் நாள் கூடுகிறது.

செருப்பு என்றவுடன் மூத்தவர்கள் சிலர் முகத்தில் ஒரு மாறுதலைக் காண்கிறேன். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிச் சென்ற காலத்தை அவர்கள் கண்டவர்கள். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், இன்றும் வெறுங்காலுடனேயே கழனிக்கும் கடைக்கும் போகும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இளைஞர்களே, பண்டிகைக்கு அவர்களுக்கு வேட்டி புடைவை எடுத்துக் கொடுக்கிறீர்கள். காலுக்கு அளவான ஒரு சோடிச் செருப்பும் வாங்கிக் கொடுங்கள்.

கீழே விழுதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு அவர் எழுந்து நடப்பது அரிது. உடற்பயிற்சியால் இதைத் தடுக்கலாமா என்று உலகெங்கும் நடந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டனர். விழும் தடவை 23 விழுக்காடு குறைகிறது என்று அத்தொகுப்பு சொல்கிறது. நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது, சுவரைத் தொட்டபடி ஒரு காலின் முன் மறுகாலை வைத்து நடப்பது போன்ற எளிய பயிற்சிகள் போதும். பாட்டியை ஏன் இப்படி ஆட்டி வைக்கிறாய் என்று கேலி பேசுவார்கள், பேசட்டும். அத்துடன், இரவில் வெளியே போகும் வழியில் ஒரு விளக்கும், சலதாரையண்டைப் பாசியைத் தேய்த்து விடுவதும் எந்த ஆராய்ச்சியும் சொல்லாமலே செய்யத் தக்கவை.

மறதி நோயைப் பற்றி ஒரு செய்தி. '10/66' என்ற பெயரில் ஓர் உலக ஆய்வுக் குழு உண்டு. மறதி நோயாளருள் நூற்றுக்கு 66 பேர் ஏழை நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியோ நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதே அந்தப் பெயரின் பொருள். அவர்கள் சென்னையிலும் வேலூரை அடுத்த கணியம்பாடியிலும் ஆய்ந்தனர். கோவாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நோயாளர் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் சென்று வழிகாட்டினாலே, பார்த்துக்கொள்ளும் மருமகளின், மகளின் மனச்சுமை குறைவதைக் காட்டியது. "கெழவிக்குப் பேய் பிடிச்சிருக்கு", "சோத்தைத் தின்னுட்டுத் தின்னலன்னு பொய் சொல்றா" என்று நம் வீடுகளில் எழும் ஏச்சுகளுள் எத்தனை இந்த நோயை அறியாததால் எழுபவை!

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஆராய்ச்சி என்ற பெயரில் கைப்பேசியில் வருவதெல்லாம் ஆராய்ச்சி அன்று. இந்த இலையை மென்றால் சர்க்கரை போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வரும் செய்தியை நம்பிக் காலை இழந்தவர்கள் உண்டு. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா, யார் கண்டறிந்தது, எந்த ஆண்டு என்று கேட்கப் பழகுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவத்தில் தேர்ந்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியர் பலர் நம் பெண்களே. மருத்துவ அறிவு நமக்கு அயலானது அன்று. ஆனால் அறிவு என்பது சோதித்து ஏற்பது.

இனி, சங்கம் செய்யக்கூடியது எது? மருத்துவமனை கட்ட நம்மால் ஆகாது, கட்டவும் வேண்டா. ஒரு நீளக் குறிப்பேடு போதும். தெருவுக்கு இருவராக, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, பத்தாவதுக்கு மேல் படித்த பிள்ளைகள் முன்வர வேண்டும். அறுபதைக் கடந்தோர் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பொத்தச் சொல்லி, மூன்று மீட்டர் தூரத்தில் நின்று விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடியாதவரை முதலில் அழைத்துச் செல்லுங்கள். எண்ணிவிட்டாலும் மங்கலாகத் தெரிகிறது என்பவரையும் விட்டுவிட வேண்டா. அழைத்துச் செல்வது என்றால் பேருந்தில் ஏற்றி விடுவதன்று. உடன் சென்று, உடன் இருந்து, மறுநாள் உடன் திரும்புவது. அந்த நாள் கூலியை இழந்து மகனோ மகளோ வர வேண்டிய தேவை இல்லாமல் போக வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் சங்கம் ஏற்கலாம். பாதிச் செலவை ஏற்பதைவிட முழுச் செலவை ஏற்பதே பயன் தரும் என்பதை முன்னமே கண்டோம். வீடு வீடாகப் பேச, நம் தெருவிலேயே அறுவை செய்து கண் தெளிந்த பாட்டிமார்களை முன்னே விடுங்கள். நீங்கள் பின்னே நில்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் முதியோர்க்கெனத் தனியே மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது 2010-11-இல் மத்திய அரசு தொடங்கிய முதியோர் நலத் திட்டத்தின் ஏற்பாடு. நம் நிலையத்தில் அது எந்தக் கிழமை என்று கேட்டறிந்து படிப்பகப் பலகையில் எழுதுங்கள். கிழமை குறிக்கப்படவில்லை என்றால் மனுவாக எழுதிக் கேளுங்கள். கிராமச் செவிலியரும் ஆஷா பணியாளரும் உங்களுக்கு உற்ற துணை. அவர்களுக்கு வேலை மிகுதி என்பதால், உங்கள் குறிப்பேட்டை அவர்கள் வரவேற்கவே செய்வார்கள்.

2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிரம்பிய அனைவரும், வருமான வேறுபாடு பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவர் ஆயினர். வயதுக்குச் சான்று ஆதார் அட்டை. இங்கேதான் நம்மவர்க்கு இடர்ப்பாடு. பிறந்த நாள் எழுதி வைக்கப்படாத தலைமுறை. அட்டை எடுத்த அன்று எதிரில் இருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுவிட்டார். எழுபத்து நான்கு வயதுக் கிழவர் அட்டையில் அறுபத்தாறாக இருக்கிறார். முதியோர் ஓய்வூதியத்திலும் இதே சிக்கல்தான். குறிப்பேட்டில் அட்டை வயதை ஒரு கட்டத்திலும், வீட்டார் சொல்லும் வயதை மறு கட்டத்திலும் எழுதுங்கள். வேறுபாடு உள்ளவர்களுக்குப் பழைய பள்ளிச் சான்று ஏதேனும் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்தவர்களுடைய பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்த்துத் தர என்னால் இயன்ற உதவியை நான் செய்வேன். பிற பள்ளித் தலைமையாசிரியர்களையும் கேட்டுக்கொள்வேன். பள்ளி வாயிலையே மிதிக்காத பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்களுக்காக யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைச் சங்கத்தின் செயற்குழு சட்டம் அறிந்தவர்களைக் கலந்து முடிவு செய்ய வேண்டுகிறேன்.

குறிப்பேடு ஒன்றை நானே வாங்கி வந்து தலைவர் அவர்கள் மேசையில் வைத்திருக்கிறேன். கட்டங்கள் போட்டு வைத்துள்ளேன். கூட்டம் முடிந்ததும், தம் தெருவுக்குப் பொறுப்பேற்க விரும்பும் இளைஞர்கள் முதல் பக்கத்தில் பெயர் எழுதலாம். பேனா அதன் மேலேயே இருக்கிறது.